லிப் பாம், லிப்ஸ்டிக் வாங்குமுன்: டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் முறை

போன ஆடியில் என் உதடு வெடித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பல்லடம், தாராபுரம் பக்கம் வண்டி ஓட்டுகிற யாருக்கும் உதடு காய்வது புதிதில்லை. எனக்கு அதோடு நிற்காமல் கீழுதட்டு ஓரம் தோல் உரிந்து, ரசம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குப் போய்விட்டது. ஒரு லிப் பாம் வாங்கினேன். சரியாகவில்லை. விலை கூடியதாக இன்னொன்று, அப்புறம் ‘இயற்கை’ என்று போட்ட ஒன்று, அப்புறம் தோழி சொன்ன ஒன்று. நான்கு டப்பா, 1,130 ரூபாய், மூன்று மாதம். கடைசியில் தோல் மருத்துவர் நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாலுலயும் ஒரே சாமான்தாம்மா இருக்கு. பேரைத்தான் மாத்தி மாத்தி வாங்கியிருக்கீங்க” என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. எனக்குத் திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலை. பனியனுக்குள் தைக்கிற சீட்டில் 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன் என்பதில் ஓர் எண் பிசகினாலும் கன்டெய்னரே நின்றுபோகும். லேபிள் படித்துச் சம்பளம் வாங்குகிறவள், வாய்க்குள் போகிற பொருளின் லேபிளை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. உதட்டில் பூசுவது பாதி வயிற்றுக்குத்தானே போகிறது!

அதன்பிறகு படித்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் தடவை ஒரு டப்பாவைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகும். நாலைந்து டப்பாவுக்குப் பிறகு கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

1. அட்டைப்பெட்டியையும் பில்லையும் எறியாதீர்கள்

முதல் பொறியே இங்கேதான். நம் நாட்டு விதிப்படி அழகுசாதனப் பொருளில் சேர்மானப் பட்டியல் அச்சிட வேண்டும். ஆனால் 30 கிராமுக்குக் குறைந்த கெட்டிப் பொருளுக்கும், 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் அதில் விலக்கு உண்டு. லிப் பாம் 4 கிராம். லிப்ஸ்டிக் 3.5 கிராம். ஆக, நாம் பேசுகிற பொருள் கிட்டத்தட்ட எல்லாமே விலக்குக்குள் வந்துவிடும். பட்டியல் போடாத டப்பாவைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

நல்லவேளையாக, பெரும்பாலான நிறுவனங்கள் அட்டைப்பெட்டியிலோ குழலைச் சுற்றி ஒட்டிய சீட்டிலோ பொடி எழுத்தில் போட்டுவிடுகின்றன. சில சீட்டுகளை உரித்தால் உள்பக்கம் இன்னொரு மடிப்பு இருக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். கடையில் இருக்கும்போதே போனில் மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பட்டியல், பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள இடம், விலை. பில்லையும் சேர்த்தே எடுங்கள். சூடுபட்டால் எழுத்து மறைந்துவிடுகிற தாளில்தான் இப்போது பாதி பில் வருகிறது.

எங்கேயும் பட்டியல் இல்லையா? பெட்டியில் இருக்கிற வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு பேட்ச் எண்ணோடு எழுதிக் கேளுங்கள். நான் எழுதிய ஒன்றுக்கு ஆறு நாளில் பதில் வந்தது. இன்னொன்றுக்கு இன்றுவரை வரவில்லை. அந்த டப்பாவை நான் மறுபடி வாங்கவில்லை. இணையக் கடையில் போட்டிருக்கும் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். படம் பழையதாக இருக்கும், சேர்மானம் மாறியிருக்கும்.

2. பட்டியல் எந்த வரிசையில் எழுதப்படுகிறது

ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை எடை கூடுதலிலிருந்து குறைவு என்ற வரிசையில் வரும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். நிறம் தருபவை பெரும்பாலும் கடைசியில் எண்ணாக நிற்கும்.

அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று யாரும் குறிப்பதில்லை. ஒரு குறுக்குவழி சொல்கிறேன். டோகோஃபெரால் (வைட்டமின் ஈ), பிஎச்டி (எண்ணெய் சிக்கடிக்காமல் காப்பது), வாசனை, பாரபென் (பதப்படுத்தி) போன்றவை பொதுவாக மிகக் கொஞ்சமாகச் சேர்க்கப்படுபவை. அவை தொடங்குகிற இடத்துக்குப் பிறகு வருகிற பெயர்கள் எல்லாம் துளித்துளிதான். முன்பக்கம் கொட்டை எழுத்தில் “ஷியா பட்டர் நிறைந்தது” என்று இருந்த என் இரண்டாவது டப்பாவில், அந்த ஷியா (ஆப்பிரிக்க மரக்கொட்டை வெண்ணெய்) பட்டியலில் வாசனைக்கும் அப்பால், கடைசியிலிருந்து மூன்றாவதாக உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் விழுகிற நெய் மாதிரி!

பெயர்கள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். நம் வீட்டுப் பொருளே அடையாளம் தெரியாது. ரிசினஸ் கம்யூனிஸ் என்றால் ஆமணக்கு, அதாவது விளக்கெண்ணெய். கோகோஸ் நியூசிஃபெரா நம் பொள்ளாச்சித் தேங்காய். செரா ஆல்பா தேன்மெழுகு. புருனஸ் அமிக்டாலஸ் டல்சிஸ் பாதாம். தியோப்ரோமா ககாவ் கோகோ வெண்ணெய். பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கி என்பதுதான் ஷியா. இந்த ஆறு பெயரை மனதில் வைத்தாலே பாதிப் பட்டியல் தமிழில் கேட்கும்.

3. முதல் ஐந்து பெயர்களை வேலை வாரியாகப் பிரியுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. உதட்டுப் பொருள் எதுவானாலும் அதன் உடம்பு முதல் ஐந்து ஆறு பெயர்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் நான்கு வேலைகளில் ஒன்றைச் செய்கிறது.

தாங்குவது. மெழுகுகள். குச்சியாக நிற்க வைப்பவை இவையே. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கேண்டலில்லா ஏறத்தாழ 70 டிகிரியில். கார்னாபா என்கிற பனைவகை மெழுகு 82க்கு மேல். கரூர் பரமத்தி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தும் வளையாத லிப்ஸ்டிக் உங்களிடம் இருந்தால், பட்டியலில் கார்னாபாவோ ஓசோகெரைட் என்கிற கனிம மெழுகோ இருக்கும். மெழுகு கூடினால் உதட்டில் இழுக்கும், வெள்ளைப் படலம் தெரியும்.

வழுக்குவது. எண்ணெய்கள். லிப்ஸ்டிக்கில் விளக்கெண்ணெய்க்கு நிகரில்லை: கெட்டியானது, பளபளக்கும், நிறத்தூளைக் கட்டியில்லாமல் பரப்பித் தரும். ஆயிரம் ரூபாய் லிப்ஸ்டிக்கிலும் முதல் பெயர் அதுவாக இருப்பதைப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் இலேசானது. 24, 25 டிகிரியில் உருகிவிடும். மார்கழிக் காலையில் கோயம்புத்தூரில் கல்லாக இருக்கிற டப்பா சித்திரையில் கைப்பைக்குள் ஆறாக ஓடுவது அதனால்தான். லிப் கிளாஸில் பிசுபிசுவென்று ஒட்டுவது பாலிபியூட்டீன்.

அடைப்பது. காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகாமல் மூடுபவை. பெட்ரோலேட்டம், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி, இதில் முதலிடம். லேனோலின், பாரஃபின், டைமெதிகோன் எல்லாம் இந்த வரிசை. பெட்ரோலேட்டம் என்றதும் பெட்ரோல் பங்க் நினைவு வந்து பயப்படுகிறவர்கள் உண்டு. சுத்திகரித்த, அழகுசாதனத் தரத்தில் உள்ளது ஒவ்வாமை தருவது மிக அரிது; எனக்கு மருத்துவர் கடைசியில் எழுதிக்கொடுத்ததும் வெறும் அதுதான். லேனோலின் ஆட்டுரோமத்திலிருந்து வருவது. நன்றாக வேலை செய்யும், ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

ஈரம் பிடிப்பது. கிளிசரின், சோடியம் ஹயலுரோனேட். இவை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றுக்கு ஒரு எச்சரிக்கை: மேலே அடைக்கிற பொருள் இல்லாமல் இவை மட்டும் இருந்தால், இழுத்த ஈரத்தைக் காற்று கொண்டுபோய்விடும். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. மடத்துக்குளத்திலிருந்து உடுமலைக்கு ஸ்கூட்டரில் போகிறவருக்கு அடைப்புப் பொருள் முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும்.

சாதாரண லிப் பாமுக்கு இந்த நான்கில் மூன்று போதும். தேய்த்தாலும் போகாத மேட் திரவ லிப்ஸ்டிக் வேறு ரகம். அதில் முதல் பெயர் ஐசோடோடெகேனாக இருக்கும். பூசியதும் அது ஆவியாகிப் பறந்துவிட, ட்ரைமெதில்சிலாக்சிசிலிகேட் என்ற பிசின் நிறத்தை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். காலை முகூர்த்தத்தில் பூசினால் மாலை வரவேற்பு வரை இருக்கும், உண்மைதான். உதடு காய்கிறவர்கள் அதைத் தினமும் பூச வேண்டாம், விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழற்ற எண்ணெய்தான் வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்து நான் பட்டது போதும்.

4. சி.ஐ. எண்கள்: நிறத்தைப் படிப்பது

சாயப்பட்டறை ஊர்க்காரர்களுக்கு இது சுலபம். துணிச்சாயத்துக்கு இருக்கிற அதே கலர் இண்டெக்ஸ் (சி.ஐ.) எண்முறைதான்.

77 என்று தொடங்கினால் கனிமம். 77491, 77492, 77499 மூன்றும் இரும்பு ஆக்சைடுகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நம் தோலுக்குப் பொருந்துகிற காவி, செங்கல், காப்பி நிறங்கள் பெரும்பாலும் இவற்றின் கலவை. 77891 டைட்டானியம் டைஆக்சைடு, வெள்ளை. 77019 மைக்கா, மினுக்கு. இவற்றில் ஒவ்வாமை அரிது.

15850, 45380, 45410, 15985, 19140 இவையெல்லாம் செயற்கை நிறங்கள். 15850 அசோ என்கிற சாய வகையைச் சேர்ந்தது. ‘அசோவா, தடை பண்ணினதாச்சே’ என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும்போது எங்கள் பரிசோதனை அறிக்கையில் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) வரம்போடு தேடுவது அசோ சாயம் முழுவதையும் இல்லை. உடைந்தால் அமின் எனப்படும் வேதிப்பொருள்களில் தீங்கான சிலவற்றை வெளிவிடுகிற சாயங்களை மட்டும். 15850 உதட்டுப் பொருளில் அனுமதிக்கப்பட்டது.

45410 ஒரு வேடிக்கையான ஆள். டப்பாவில் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்து, உதட்டில் பட்டதும் ரோஜா நிறமாகிற ‘மேஜிக்’ பாம்களில் இதையோ 45380ஐயோ பார்க்கலாம். தண்ணீர் இல்லாத மெழுகுக்குள் நிறம் தெரியாது. உதட்டு ஈரம் பட்டதும் வெளியே வரும். “உங்கள் உடல் வெப்பத்துக்கேற்ற தனி நிறம்” என்பது விற்பனைப் பேச்சு. உங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே ரோஜாதான்.

75470 கார்மைன். செம்பூச்சி வகை ஒன்றை உலர்த்தி எடுக்கிற சிவப்பு. சைவம் பார்க்கிறவர்கள் இந்த எண்ணையும் தேன்மெழுகு, லேனோலின் இரண்டையும் கவனியுங்கள். ‘இயற்கை நிறம்’ என்ற வார்த்தைக்குள் இது ஒளிந்திருக்கும். என் அம்மாயி சனிக்கிழமை ஒருசந்தி இருக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும், “பூச்சியவா கண்ணு ஒதட்டுல பூசீட்டுத் திரியறீங்க?” என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஈயம் பற்றி: நம் விதிகளில் நிறப்பொருளில் ஈயம் 20 பிபிஎம், ஆர்செனிக் 2 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது. இதை வீட்டில் சோதிக்க வழியில்லை. லிப்ஸ்டிக்கைக் கையில் தேய்த்துத் தங்க மோதிரத்தால் உரசினால் கறுப்பு வரும், அது ஈயம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற செய்தி பொய். ஈயம் இல்லாத மெழுகின் மேலும் உலோகத்தை உரசினால் கோடு விழுவது உண்டு. மோதிரத்துக்குத்தான் தேய்மானம்.

5. வாசனை, சுவை, குளிர்ச்சி: என்னை வீழ்த்தியது இதுதான்

பர்ஃப்யூம், ஃப்ரேக்ரன்ஸ், அரோமா, ஃப்ளேவர். இந்த நான்கு சொல்லில் எது இருந்தாலும் அது ஒரு பொருள் கிடையாது. பத்து, இருபது பொருள்களை மூடிய ஒரு பை. உள்ளே என்ன என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. என் நான்கு டப்பாக்களிலும் பொதுவாக இருந்தது இந்தப் பைதான். ஸ்ட்ராபெரி, வனிலா, ஆரஞ்சு, ‘இயற்கை’யில் இலவங்கப்பட்டை எண்ணெய். பட்டை எண்ணெய் பிரியாணிக்கு நல்லது. உதட்டுக்கு அது தெரிந்த தொல்லைக்காரன்.

அடுத்தது மென்தால், கற்பூரம், பெப்பர்மின்ட். பூசியதும் சில்லென்று இருக்கும். வேலை செய்கிறது என்று தோன்றும். வெடித்த உதட்டில் இது எரிச்சலைக் கூட்டி, நக்க வைத்து, மறுபடி பூச வைக்கும். உதட்டைப் பருக்க வைப்பதாகச் சொல்லும் லிப் பிளம்பர்களில் மிளகாய்ச் சாறே இருக்கும். வெடிப்பு உள்ளவர்கள் கிட்டேயே போகாதீர்கள்.

முன்பக்கச் சொற்களில் மூன்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ‘ஹைபோஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை குறைவு) என்பதற்கு இத்தனை சோதனை செய்திருக்க வேண்டும் என்ற கறாரான அளவுகோல் கிடையாது. ‘பாரபென் இல்லை’: தண்ணீரே இல்லாத மெழுகுக் குச்சியில் பூஞ்சை வளர இடமில்லை, அதனால் பதப்படுத்தியும் பெரிதாகத் தேவையில்லை, இல்லாததை இல்லை என்று சொல்வதில் என்ன பெருமை? ‘இயற்கை’ பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

‘அன்ஃப்ளேவர்ட்’, ‘அன்சென்டட்’ என்ற சொற்களிலும் ஒரு சூது. வாசனை தெரியாதபடி மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். ‘ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று இருந்தாலும் பின்பக்கத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

6. இரண்டை ஒப்பிடுவது: கிராம் கணக்கு

விலையை எடையால் வகுங்கள். 4 கிராம் 249 ரூபாய் என்றால் கிராம் 62 ரூபாய் சொச்சம். 10 கிராம் 70 ரூபாய் என்றால் கிராம் 7. லிப்ஸ்டிக்கில் கிராமும் லிப் கிளாஸில் மில்லியும் இருக்கும். இரண்டையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள்.

ஆனால் இந்தக் கணக்கு பாதிதான். எத்தனை நாள் வருகிறது என்பதே மீதி. எங்கள் அலுவலகத்தில் துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்கிற சின்னத் தராசு இருக்கிறது, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். திங்கட்கிழமை காலை லிப் பாமை மூடியோடு வைத்து எடை குறித்தேன். அடுத்த திங்கள் மறுபடி. மென்தால் போட்ட 249 ரூபாய்க் குச்சி வாரத்தில் 1.1 கிராம் குறைந்திருந்தது. வாசனையில்லாத 70 ரூபாய் டியூப் 0.6 கிராம். முதலாவது வாரத்துக்கு 68 ரூபாய், இரண்டாவது 4 ரூபாய் சொச்சம். முதலாவதன் சேர்மானம் மோசம் என்று கூடச் சொல்ல மாட்டேன். விளக்கெண்ணெய், கேண்டலில்லா, தேன்மெழுகு எல்லாம் நல்ல வரிசைதான். அந்தச் சில்லிப்பு என்னை மணிக்கொரு தரம் பூச வைத்தது, அவ்வளவுதான். குச்சி வகையில் அடியில் ஒட்டிக்கொண்டு எடுக்கவே முடியாத மீதி வேறு.

நிறத்துக்காக வாங்குகிற லிப்ஸ்டிக்கில் இந்தக் கணக்கைக் கறாராகப் பார்க்க வேண்டாம். நிறம் பிடித்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. நானும் கொடுக்கிறேன்.

பகலெல்லாம் வெயிலில் இருப்பவர்கள் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு) உள்ளதை வாங்குங்கள். கீழுதட்டில்தான் வெயில் நேராக விழுகிறது. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு உள்ளவை பாதுகாப்பான தேர்வு. ஆக்சிபென்சோன், வேறு பெயரில் பென்சோஃபீனோன்-3, சிலருக்கு ஒவ்வாமை தரும்.

7. உரிமம், தேதி, வெயில்

இந்தியாவில் செய்ததானால் உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும், பெரும்பாலும் எம்.எல். என்று தொடங்கும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும். இரண்டும் இல்லாத பெட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று விற்பதற்கும் இதே விதிதான். 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளில் வீட்டுக்காரர்களுக்கென்று தனிச் சலுகை கிடையாது.

திறந்த டப்பா படத்துக்குள் 12எம் என்று இருந்தால் திறந்தபின் 12 மாதம். திறந்த தேதியை அடியில் பேனாவால் எழுதிவிடுங்கள். லிப்ஸ்டிக் மேல் வியர்வைத்துளி மாதிரி எண்ணெய் நின்றாலோ, ஷியா பாம் மணல்மணலாக ஆனாலோ பயப்பட வேண்டாம், சூடு பட்டு ஆறியதால் வருவது. சிக்குவாடை அடித்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

பொருளில் குறையென்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்போது பில், பேட்ச் எண், படம் மூன்றும் கேட்பார்கள். முதல் படியில் சொன்னதை இப்போது நினைத்துக்கொள்வீர்கள்.

8. வீட்டில் செய்தால் என்ன?

தாராளமாகச் செய்யலாம், சொந்தப் பயன்பாட்டுக்கு. ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்றிலிருந்து நான்கு பங்கு எண்ணெய். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம். வெயில் காலத்துக்கு மெழுகைச் சற்றுக் கூட்டுங்கள்.

மூன்று பொறிகள். விளக்கேற்ற விற்கிற எண்ணெயை வாயில் பூசாதீர்கள். செக்கில் ஆட்டிய ஆமணக்கெண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். பீட்ரூட் சாறு மெழுகோடு சேராது, தண்ணீரில்தான் கரையும், கலந்தால் தனியே நின்று நாலு நாளில் கெட்டுவிடும். எலுமிச்சைச் சாறும் அதன் தோல் எண்ணெயும் வெயிலில் தோலைக் கறுக்க வைக்கும்.

அம்மாயி ஊத்துக்குளி வெண்ணெயைத் தொட்டு வைக்கச் சொன்னார். வெண்ணெயில் தண்ணீரும் பால்சத்தும் இருப்பதால் டப்பாவில் வைக்க ஆகாது. உருக்கிய நெய்யாக இரவில் ஒரு துளி வைத்தேன். கெடுதலில்லை. தலையணை உறைதான் கெட்டது.

9. பூசுமுன் ஏழு நாள், பிறகும் தொல்லை என்றால்

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, காலை மாலை இருவேளை, ஏழு நாள் பூசிப் பாருங்கள். ஒரே நாளில் முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வாமை மூன்றாம் நாளுக்குப் பிறகும் வரும். சிவந்தாலோ அரித்தாலோ நிறுத்திவிடுங்கள். இரண்டு புதுப் பொருளை ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள், எது செய்தது என்று தெரியாது.

உதடு ஏற்கெனவே வெடித்திருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வாசனையில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மட்டும் இரண்டு மூன்று வாரம் பூசுங்கள். நக்கவும் தோலைப் பிய்க்கவும் கூடாது. மாம்பழக் காலமானால் அதையும் கணக்கில் சேருங்கள். காம்புப் பாலும் தோலும் உதட்டோரம் பட்டு இதேபோல் வெடிக்க வைக்கும். அதற்கும் ஆறவில்லை, அல்லது வீங்குகிறது, நீர் வடிகிறது என்றால் தோல் மருத்துவர்தான். வீங்குவதோடு மூச்சு வாங்கினால் நாள் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் எழுதலாம், எது ஒவ்வாமை தருகிறது என்று கண்டுபிடிக்கிற சோதனை. முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக மருந்து ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு 96 மணி நேரத்தில் இன்னொரு தடவை. திங்கள் ஒட்டினால் புதன், வெள்ளி போக வேண்டும், ஒரு வாரத்தில் மூன்று நடை. அதுவரை முதுகில் தண்ணீரும் வியர்வையும் படக்கூடாது. அதனால் சித்திரையில் தள்ளிப்போடுங்கள், மார்கழி தை வசதி. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், முடிவு மாறிப்போகும். எனக்கு எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் ஆனது. இடத்துக்கு இடம் மாறும், போனில் கேட்டுவிட்டுப் போங்கள். வாசனைக் கலவைக்கும் பெரு பால்சம் என்கிற வாசனைப் பிசினுக்கும் என் முதுகு சிவந்தது. வெள்ளிக்கிழமை அந்தச் சிவப்பைப் போனில் படமெடுத்துக் காட்டியபோது, ஏனோ அழகாகவே இருந்தது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு துணிப்பையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: இப்போது பூசுவது, முன்பு பூசியது, அட்டைப்பெட்டிகள், முகத்துக்குப் போடும் கிரீம், எப்போது தொடங்கியது என்று எழுதிய தாள். பற்பசையையும் எடுத்துப் போங்கள். அதிலும் அதே பட்டையும் மின்ட்டும் உண்டு. தினம் இரண்டு வேளை உதட்டில் படுகிறது. நான் எடுத்துப் போகவில்லை. “பேஸ்ட் என்ன போடறீங்க?” என்று கேட்டார், பச்சைக் கலர் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. அதற்கு மட்டும் இன்னொரு நடை, இன்னொரு 400 ரூபாய்.